ஒரு பிள்ளை தேசியப்பள்ளி, ஒரு பிள்ளை தமிழ்ப்பள்ளி

முதலாம் ஆண்டுப் பதிவு திறக்கும் சமயம் வந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. "அக்கா, உங்க மகன் தேசியப்பள்ளி, மகள் தமிழ்ப்பள்ளி, ரெண்டையும் பார்த்தவங்க நீங்கதான், நாங்க எங்கே போடட்டும்?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டுத்தான் கேட்கிறார்கள், நான் ஆமாம் போட்டால் அவர்களுக்கு நிம்மதி. மீதிப் பேருக்கு உண்மையாகவே பயம். தமிழ்ப்பள்ளியில் போட்டால் பிள்ளை நம்ம ஆட்களோடு மட்டும் வளர்ந்து, பிறகு மலாய்க்காரர் சீனரோடு பழகத் தெரியாமல் ஒதுங்கிவிடுமோ என்று ஒரு பயம். தேசியப்பள்ளியில் போட்டால் தமிழும் போய், அங்கேயும் ஒட்டாமல், இரண்டுங்கெட்டான் ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். இது கிள்ளான் பக்கத்து அனுபவம். ஜொகூர், பினாங்கில் இருப்பவர்களுக்குச் சில விஷயம் மாறலாம், சபா சரவாக் கதையே வேறு.

மலேசியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே அரசாங்கத் தொடக்கப்பள்ளி மூன்று வகை. மலாய்மொழியில் நடப்பது தேசியப்பள்ளி, மாண்டரினில் நடப்பது சீனப்பள்ளி, தமிழில் நடப்பது தமிழ்ப்பள்ளி. மொழிப் பாடத்தைத் தவிரப் பாடத்திட்டம் மூன்றுக்கும் ஒன்றுதான், ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் அரசாங்கம்தான். ஏழு வயதுப் பிள்ளையை எதில் போடுவது என்பது பெற்றோர் விருப்பம். ஆறு வருடம் முடித்துப் பெரும்பாலான பிள்ளைகள் மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குப் போவார்கள், மூன்று பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வளாகத்துக்குள் வருவது அங்கேதான். அதாவது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்.

கல்வி அமைச்சு தன்னுடைய 2013–2025 கல்விப் பெருந்திட்டத்திலேயே எந்த இனப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதைப் புள்ளிவிவரத்தோடு எழுதியிருந்தது. 2011இல் சீனப் பிள்ளைகளில் 96 விழுக்காட்டினர் சீனப்பள்ளியில், இந்தியப் பிள்ளைகளில் 56 விழுக்காட்டினர் தமிழ்ப்பள்ளியில். 2000இல் இதே கணக்கு 92, 47 என்று இருந்தது. தேசியப்பள்ளிகளில் படிப்பவர்களில் 94 விழுக்காட்டினர் பூமிபுத்ராக்கள், அதாவது மலாய்க்காரர்களும் பூர்வகுடியினரும். தேசியப்பள்ளிக்குப் போனால் எல்லா இனத்தோடும் கலந்து வளரலாம் என்று நினைப்பவர்கள் அந்த 94ஐ ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். அது எல்லா இனமும் கலந்திருக்கும் இடம் கிடையாது, நம்ம பிள்ளை சிறுபான்மையாகப் போய் உட்காரும் இடம். அதிலும் நன்மை உண்டு, வருகிறேன்.

என் மூத்தவனைத் தேசியப்பள்ளியில் போட்டதற்குக் கொள்கை கோட்பாடு எதுவும் காரணமில்லை. 2014இல் நாங்கள் இருந்த அடுக்குமாடியிலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு வேன் வரவில்லை. நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, வீட்டுக்காரர் விடியற்காலையில் லாரி எடுத்துவிடுவார். தேசியப்பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான் கதை. பிறகு கிள்ளானுக்கு வீடு மாறினோம், அங்கே தாமானுக்கு (குடியிருப்புக்கு) எதிரிலேயே தமிழ்ப்பள்ளி, அதனால் 2018இல் சின்னவள் அங்கே. "பெற்றோரின் தேர்வு" என்று மேடையில் பெரிதாகப் பேசும்போதெல்லாம் எனக்கு வேன்தான் ஞாபகம் வரும். எங்கள் வட்டாரத்தில் விசாரித்துப் பாருங்கள், நூற்றுக்கு அறுபது பேராவது வேன், வேலை நேரம், பாட்டி வீடு இந்த மூன்றை வைத்துத்தான் முடிவு பண்ணியிருப்பார்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் இதை ஒப்புக்கொண்டுவிட்டால் அடுத்த வேலை சுலபம்: எது சிறந்த பள்ளி என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், நமக்குக் கைக்கெட்டும் இரண்டு மூன்று பள்ளிகளில் எது பரவாயில்லை என்று பார்க்கலாம்.

தேசியப்பள்ளியில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். வகுப்பில் முப்பது சொச்சம் பிள்ளைகள், அதில் முஸ்லிம் அல்லாதவர்கள் விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் சில மாதங்கள் அவனுக்கு மலாய் புரியாமல் முழித்தான், ஆண்டு முடிவதற்குள் வீட்டில் கனவில்கூட மலாயில் உளற ஆரம்பித்துவிட்டான். மொழியைப் பொறுத்தவரை இதைவிட வேகமாக வேறு எங்கேயும் வராது, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த மலாய்ப் பையனோடு நல்ல ஒட்டுறவு, நோன்புப் பெருநாளுக்கு அவன் வீட்டு லெமாங் (மூங்கிலில் வேகவைத்த சோறு) எங்கள் வீட்டுக்கு வரும், தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அங்கே போகும்.

ஆனால் ஒரு விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இஸ்லாமியக் கல்விப் பாடத்துக்கு மணி அடித்தவுடன் முஸ்லிம் பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள், மற்ற பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நன்னெறிக் கல்விக்கு வெளியே போக வேண்டும். எங்கே? நூல்நிலையம் காலியாக இருந்தால் நூல்நிலையம், இல்லையென்றால் சிற்றுண்டிச்சாலை மேசை. அந்த ஆண்டில் படிக்கும் எல்லா வகுப்பிலிருந்தும் முஸ்லிம் அல்லாத பிள்ளைகள் அங்கே ஒன்றுசேர்வார்கள். இது வாரத்தில் பலமுறை, ஆறு வருடம். விளைவு என்னவென்றால் என் மகனுடைய உயிர்த்தோழர்கள் இரண்டு பேருமே அந்தச் சிற்றுண்டிச்சாலை மேசையில் கிடைத்தவர்கள்தான்: ஒருவன் பஞ்சாபிப் பையன், இன்னொருவன் சபாவிலிருந்து வந்த கடசான் பூர்வகுடிக் குடும்பத்துப் பையன், அப்பா ராணுவத்தில். கலந்து வளர்ந்தானா என்றால் வளர்ந்தான், நிச்சயமாக. ஆனால் கூடப் படித்த முப்பது பேரோடு கலந்ததைவிட, அவர்களிடமிருந்து தனியாகப் பிரித்து அனுப்பப்பட்ட ஏழெட்டுப் பேரோடுதான் அதிகம் கலந்தான்.

யாரையும் குறை சொல்லவில்லை. முஸ்லிம் பிள்ளைகளுக்கு மதக் கல்வி கொடுக்க வேண்டும் என்பது சட்டம், ஐந்து பிள்ளைகள் இருந்தாலே கொடுத்தாக வேண்டும். தாய்மொழிக்கும் அதே 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இடம் இருக்கிறது: குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தேசியப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க வசதி செய்ய வேண்டும். பாதிப் பெற்றோருக்கு இது தெரியாது. எங்கள் பள்ளியில் நான் கேட்கப் போனபோது "ஆள் பற்றாது அம்மா" என்றுதான் முதலில் பதில் வந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் என்று நாமே கணக்கெடுத்து, பெயர்ப் பட்டியலும் பெற்றோர் கையெழுத்தும் வாங்கி, கடிதமாகக் கொடுத்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது. அப்போதும் தமிழ் ஆசிரியர் கிடைக்க ஒரு வருடம் ஆனது. வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள், முத்திரை குத்திய நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வகுப்பை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது. சில தேசியப்பள்ளிகளில் நன்னெறிப் பாடத்துக்குக் கால அட்டவணை போட வசதியாக இருக்கட்டும் என்று முஸ்லிம் அல்லாத பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வகுப்பில் போட்டுவிடுவார்கள். வெளியே பார்த்தால் பல இனப் பள்ளி, உள்ளே போனால் இன வாரியாக வகுப்பு. வேறு சில பள்ளிகளில் பரவலாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றிரண்டு பேர் மட்டும் இருப்பார்கள், அது சின்னப் பிள்ளைக்கு ரொம்பத் தனிமை. என் பார்வையில் ஒரு வகுப்பில் நாலைந்து பேராவது இருந்தால் நல்லது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கும், அதே சமயம் தனிக் கும்பலாகவும் ஆகிவிட மாட்டார்கள்.

பள்ளி முடிந்த பிறகு விளையாடட்டும், அப்போது நட்பு வளரும் என்று நினைத்தேன். சிலாங்கூரில் மலாய்ப் பிள்ளைகள் நிறையப் பேருக்குப் பிற்பகலில் சமயப் பள்ளி. ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, உடை மாற்றிக்கொண்டு உடனே அங்கே ஓட வேண்டும். அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் என் மகன் டியூஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாகக் கிடைத்த நேரம் சனிக்கிழமைப் புறப்பாட நடவடிக்கை மட்டும்தான். அங்கேதான் உண்மையான ஒட்டுறவு வந்தது. சாரணர் இயக்க முகாமுக்குப் போய், ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே சட்டியில் மேகி கிண்டித் தின்றுவிட்டு வந்த பிறகு அவனுடைய நண்பர்கள் பட்டியலே மாறிப்போனது. புறப்பாடத்தை "படிப்புக்கு இடைஞ்சல்" என்று நிறுத்தும் பெற்றோர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இனக் கலப்பு வேண்டும் என்றுதானே ஐயா அந்தப் பள்ளியில் சேர்த்தீர்கள்? அது நடக்கும் ஒரே இடத்தை நீங்களே மூடுகிறீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்கிறார்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் அல்லாத பிள்ளைகள் எங்கே சாப்பிடுவது? 2013இல் சிலாங்கூரில் ஒரு பள்ளியில் பிள்ளைகளைக் குளியலறைப் பகுதியில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்ன படம் வெளிவந்து நாடே கொதித்தது ஞாபகம் இருக்கலாம். 2024இல் நோன்பு மாதத்திலும் சிற்றுண்டிச்சாலை திறந்திருக்க வேண்டும் என்று கல்வி அமைச்சே சொன்னது. நடைமுறையில் அது தலைமையாசிரியரைப் பொறுத்தது. என் மகன் பள்ளியில் நல்ல தலைமையாசிரியர் இருந்த வருடங்களில் ஒரு பிரச்சினையும் இல்லை. பதிவு செய்யும் முன்பு பள்ளிக்குப் போனால் இதைத் தயங்காமல் கேளுங்கள், சண்டைக்குப் போவது போல் கேட்காமல் சாதாரணமாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பதில் வரும் விதத்திலேயே அந்தப் பள்ளியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

இனி தமிழ்ப்பள்ளி. நானே தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், கோலசிலாங்கூர் பக்கம். 1912 தொழிலாளர் சட்டத்தில், ஏழிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள், அப்படி லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பக்கத்தில் முளைத்த பள்ளிகளில் ஒன்று. சுதந்திரம் கிடைத்தபோது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகச் சொல்வார்கள், இப்போது ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டு போடப்பட்டு சனங்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள், ஆனால் பள்ளியின் உரிமம் பழைய இடத்திலேயே கிடந்தது. அதனால்தான் ஆளில்லாத செம்பனைக்காட்டில் முப்பது பிள்ளைகளோடு ஒரு பள்ளி, கிள்ளான் சிம்பாங் லீமாவிலோ ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். இரண்டையும் "தமிழ்ப்பள்ளி" என்று ஒரே பெயரில் பேசுவதால்தான் பாதி விவாதம் குழம்பிப்போகிறது.

எங்கள் தோட்டத்தில் மலாய்க்காரர், சீனர் என்று பார்த்தால் வாரத்துக்கு ஒருமுறை மீன் கொண்டுவரும் சீன மாமாவும் மருந்தகத்து மலாய்க்கார ஊழியரும்தான். பன்னிரண்டு வயதில் இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது மலாயில் போதிய தேர்ச்சி இல்லை என்று புகுமுக வகுப்பில் போட்டார்கள், ஒரு வருடம் மொழியை மட்டும் தேற்றிக்கொண்டு பிறகுதான் முதலாம் படிவம், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பு. அந்த வகுப்பில் யார் யார் இருந்தோம் தெரியுமா? தமிழ்ப்பிள்ளைகளும் சீனப்பிள்ளைகளும். மலாய்ப் பிள்ளை ஒருவர் கிடையாது. எல்லா இனமும் கலக்கும் பள்ளி என்று சொல்லி அழைத்துப்போய், முதல் வருடமே கலக்காத அறையில் வைத்தார்கள். நாங்கள் தேறியது மலாயில் இல்லை, கெண்டனீஸ் கெட்ட வார்த்தையில்.

சின்னவள் விஷயத்தில் எனக்கு இந்தப் புகுமுக வகுப்புதான் உள்ளூர உறுத்திக்கொண்டிருந்தது. தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் மலாய் இரண்டாம் மொழி மாதிரி, தேசியப்பள்ளியை விட இலகுவான அளவில்தான் ரொம்பக் காலம் இருந்தது. இப்போது நெருக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள், ஆனாலும் பிள்ளை வகுப்புக்கு வெளியே மலாய் பேசாவிட்டால் அது ஏட்டிலேயே நின்றுவிடும். அதனால் மலாய்க்கு டியூஷன் வைக்காமல் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் சொல்லி வைத்தேன். அவருடைய மகளும் என் மகளும் ஒரே வயது, வார இறுதியில் அங்கே போய்விடுவாள். அந்த அக்கா விற்பனைக்குக் குவே என்ற மலாய்ப் பலகாரம் செய்வார், இவள் உட்கார்ந்து வாழையிலை துடைத்து நறுக்கிக் கொடுப்பாள், வாய் ஓயாமல் மலாயில் கதை ஓடும். "உன் மகளுக்குக் கெடா வழக்கு வந்துவிட்டது" என்று அந்த அக்கா சிரித்தார், அவர் சொந்த ஊர் கெடா. மாதம் எண்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து டியூஷன் வைத்திருந்தாலும் இது வந்திருக்காது.

தமிழ்ப்பள்ளிக்குள் என்ன கிடைத்தது? முதலில் பயமில்லாத குழந்தைப் பருவம். காலைச் சபைகூடலில் தேவாரம், பொங்கல் வந்தால் பள்ளித் திடலிலேயே பானை, ஆசிரியைகளைப் பார்த்தால் சித்தி பெரியம்மாவைப் பார்த்த மாதிரி. மூத்தவன் வகுப்பில் கை தூக்குவதற்கு மூன்று வருடம் ஆனது, இவள் முதல் வாரமே வகுப்புத் தலைவி. பேச்சுப் போட்டி, திருக்குறள் மனனம், அறிவியல் விழா என்று எதையாவது தூக்கிக்கொண்டு அலைவாள். குறை இல்லாமல் இல்லை. பகுதி உதவி பெறும் பள்ளி, கூரை ஒழுகினால் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் உண்டியல் குலுக்க வேண்டும், நிலம் அரசாங்கத்தினுடையதாக இல்லாத பள்ளிகளுக்கு இதுதான் கதி. அப்புறம், கொஞ்சம் வசதி வந்த நம்மவர்கள் பிள்ளைகளைத் தேசியப்பள்ளிக்கோ தனியார் பள்ளிக்கோ கொண்டுபோய்விடுகிறார்கள், தமிழ்ப்பள்ளியில் மிஞ்சுவது பெரும்பாலும் பி40 குடும்பங்கள், அதாவது வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காட்டுக்குள் வருபவர்கள். இனப் பிரிவினை பற்றி எல்லோரும் பேசுகிறோம், நமக்குள்ளேயே நடக்கும் இந்த வர்க்கப் பிரிவினையை யாரும் பேசுவதில்லை. "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் அனைத்துலகப் பள்ளியில் படிக்கின்றன என்று கேட்டால் மூஞ்சி சுருங்கிவிடும்.

சீனப்பள்ளியைப் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் எனக்கு நேரடி அனுபவம் இல்லை, நாத்தனார் மகன் படித்தான். 2020 கணக்கில் சீனப்பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சீனரல்லாதவர், பெரும்பகுதி மலாய்ப் பிள்ளைகள். ஆக மூன்று வகையில் அதிகம் கலப்புள்ள அரசாங்கப் பள்ளி எது என்றால் அது சீனப்பள்ளிதான், தமிழ்ப்பள்ளிகளையும் சீனப்பள்ளிகளையும் ஒற்றுமைக்கு எதிரி என்று திட்டுபவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள். ஆனால் வீட்டில் ஒருவருக்கும் மாண்டரின் எழுத்து தெரியாமல் அங்கே போடுவதென்றால், வீட்டுப்பாடத்துக்கு மட்டும் தனி ஆள் வைக்கப் பணம் ஒதுக்கிவிட்டுப் போடுங்கள். நாத்தனார் மாதம் முந்நூறு வெள்ளிக்கு மேல் அதற்கே கொடுத்தார். பிள்ளை தேறினான், மாண்டரின் சரளமாகப் பேசுகிறான், தமிழ் வாசிக்கத் தெரியாது. பேரம் அப்படி.

இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன ஆனது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. மூத்தவன் 2019இல் யூ.பி.எஸ்.ஆர். (ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வு) எழுதினான், நடந்த கடைசி யூ.பி.எஸ்.ஆர். அதுதான், பிறகு எடுத்தே விட்டார்கள். முதலாம் படிவத்தில் அவனுக்கு மொழிப் பிரச்சினை இல்லை, ஆனால் ஆறு வருடம் மலாய்ப் பிள்ளைகளோடு படித்தவன் இடைவேளையில் யாரோடு உட்கார்ந்தான்? தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பையன்களோடு. அவர்கள் இவனுடைய தமிழைக் கிண்டல் பண்ணினார்கள், இவன் அவர்களுடைய மலாயைக் கிண்டல் பண்ணினான், பிறகு சரியாகிவிட்டது. சின்னவளுக்கு முதல் பருவம் திண்டாட்டம். அறிவியல் பாடத்தில் கருத்து புரிகிறது, மலாய்ச் சொல் வரவில்லை. ஆறாம் ஆண்டு விடுமுறையிலேயே அறிவியல், கணிதக் கலைச்சொற்களை மலாயில் ஒரு நோட்டில் எழுதிப் படிக்கச் சொல்லியிருந்ததால் கொஞ்சம் தப்பித்தாள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம், செலவே இல்லை. அதற்குள் அவள் வலைப்பந்துக் குழுவில் சேர்ந்துவிட்டாள். குழுவில் நான்கு மலாய்ப் பிள்ளைகள், இரண்டு சீனப் பிள்ளைகள், இவள். மாவட்டப் போட்டிக்குத் தயாராகும் சாக்கில் தினமும் மாலை வெயிலில் ஒன்றாக வியர்த்தார்கள். இப்போது அவளுடைய வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தால் அண்ணனுடையதைவிடக் கலந்து இருக்கிறது. தமிழ்ப்பள்ளி போனவள் ஒட்டமாட்டாள் என்று பயமுறுத்திய அத்தை இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாட்டுக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது, தெரியும். சின்னவள் யாரோடும் பேசுவாள், மூத்தவன் அப்பா மாதிரி. குணமும் ஒரு காரணம். ஆனால் நான் பார்த்தவரை, பிள்ளைகள் கலப்பது பள்ளியின் பெயர்ப்பலகையை வைத்து நடப்பதில்லை. ஒரே வேலையைச் சேர்ந்து செய்ய நேரமும் இடமும் கிடைக்கிறதா, அந்த நேரத்தில் மணி அடித்து ஒரு பகுதிப் பிள்ளைகளை வெளியே அனுப்பாமல் இருக்கிறார்களா, இதுதான் கணக்கு.

அரசாங்கம் இதைத் தெரிந்தே வைத்திருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் சுபாங் ஜெயா யூ.எஸ்.ஜே. 15இல் மூன்று வகைப் பள்ளிகளையும் ஒரே வளாகத்தில் வைத்து, திடலையும் சிற்றுண்டிச்சாலையையும் பொதுவாக்கி, தொலைநோக்குப் பள்ளி என்று கட்டினார்கள். யாரும் தாய்மொழியை விட வேண்டியதில்லை, பிள்ளைகள் ஓடி ஆடும் இடம் மட்டும் பொது. எனக்கு இன்றைக்கும் பிடித்த ஏற்பாடு அதுதான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக மலாய்ப்பள்ளியாக மாற்றும் சூழ்ச்சி என்று சீனக் கல்விச் சங்கங்கள் எதிர்த்தன. அவர்களை ஒரேயடியாகக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. 1961 கல்விச் சட்டத்தில் அமைச்சர் நினைத்தால் சீன, தமிழ்ப் பள்ளிகளைத் தேசியப்பள்ளியாக மாற்றலாம் என்று ஒரு பிரிவு இருந்ததல்லவா, 1996 வரை அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கியது. அந்தப் பயத்தில் வளர்ந்தவர்கள் சும்மா நம்பிவிடுவார்களா? அந்த மாதிரிப் பள்ளி பெரிதாகப் பரவவே இல்லை.

அதன் பிறகும் விடவில்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு விரோதம் என்று சில அமைப்புகள் வழக்குப் போட்டன, 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது, 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு போக அனுமதி மறுத்தது. ஆக, சட்டப்படி விஷயம் முடிந்தது. ஆனாலும் தேர்தல் வந்தால் யாராவது ஒருவர் ஒற்றுமை கெட்டதற்குத் தமிழ்ப்பள்ளியும் சீனப்பள்ளியும்தான் காரணம் என்று ஆரம்பிப்பார். அவரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. மாரா என்ற அரசாங்க அமைப்பின் இளநிலை அறிவியல் கல்லூரிகளில் மற்ற இனத்துக்குப் பத்து விழுக்காடுதான் என்கிறீர்கள், யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகம் பூமிபுத்ராக்களுக்கு மட்டும் என்கிறீர்கள், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் 90க்கு 10 என்கிறீர்கள் (2024இல், ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் என்று அறிவித்தார்கள், சரி, அதுவாவது வந்தது). பதின்ம வயதில் இன வாரியாகப் பிரித்துவிட்டு, ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்து மட்டும் "நீ ஏன் கலக்கவில்லை" என்று கேட்டால் எப்படி?

என் பெரியப்பா மாதிரிப் பெரியவர்கள் "எங்கள் காலத்து ஆங்கிலப் பள்ளியில் மூன்று இனமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்" என்று பெருமூச்சு விடுவார்கள். உண்மைதான். 1970இல் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக அந்தப் பள்ளிகளை மலாய்க்கு மாற்றினார்கள், அதன் பிறகுதான் சீனர்கள் மொத்தமாகச் சீனப்பள்ளிக்குத் திரும்பியது. ஆனால் பெரியப்பா பட்டணத்தில் இருந்தார், தாத்தாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. அதே வருடங்களில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் அம்மா வீட்டு ஆட்களில் ஒருவர்கூட அந்தப் பெஞ்சைப் பார்த்ததில்லை.

பதிவுக்கு வருவோம், நேரம் குறைவு. கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் பிள்ளைக்கு ஏழு வயது ஆவதற்கு ரொம்ப முன்பே பதிவு திறந்துவிடும், தேதியைத் தவறவிட்டால் இஷ்டப்பட்ட பள்ளியில் இடம் சிரமம். பிறப்புப் பத்திரம், பிள்ளையின் மைகிட் (சிறுவர் அடையாள அட்டை), பெற்றோரின் அடையாள அட்டை, முகவரிக்கு மின்கட்டண ரசீது, இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தேசியப்பள்ளிக்குப் பொதுவாக வீட்டுக்கு அருகில் இருப்பதைத்தான் கொடுப்பார்கள், அதனால் வீடு மாறும் திட்டம் இருந்தால் முகவரியை முதலில் சரிபண்ணுங்கள். ரசீது வாடகை வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறதா, வாடகை ஒப்பந்த நகலையும் எடுத்துப் போங்கள்.

இணையத்தில் பொத்தானை அழுத்தும் முன்பு, ஒரு வேலை நாளில் இடைவேளை நேரமாகப் பார்த்து அந்தப் பள்ளி வாசலில் போய் நில்லுங்கள். யார் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்பது வேலிக்கு வெளியிலிருந்தே தெரியும். பாதுகாவலர் பெரும்பாலும் நல்ல மனிதராக இருப்பார், அவருக்குத் தெரியாத விஷயம் எதுவும் இருக்காது. பிறகு உள்ளே போய் அலுவலகத்தில் மூன்று கேள்வி: முதலாம் ஆண்டில் ஒவ்வொரு வகுப்பிலும் எங்களைப் போன்ற பிள்ளைகள் எத்தனை பேர், நன்னெறிப் பாடம் எந்த அறையில் நடக்கிறது, சனிக்கிழமை நடவடிக்கைக்கு யார் யார் வருகிறார்கள். தமிழ்ப்பள்ளி என்றால் இன்னும் இரண்டு: மலாய் சொல்லிக்கொடுப்பவர் யார், பக்கத்துத் தேசியப்பள்ளியோடு சேர்ந்து விளையாட்டோ முகாமோ நடத்துகிறீர்களா. "இதுவரை இல்லை" என்று சொன்னால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நீங்களே அதை எழுப்பலாம், எங்கள் பள்ளியில் அப்படித்தான் ஒரு காற்பந்து ஆட்டம் ஆரம்பித்தது, ஜெர்சிக்குப் பணம் கேட்டு நான்தான் மாமாக் கடைக்காரர் வரைக்கும் போய் வந்தேன்.